காட்டோர வீடுகளும் அரசின் வனச்செலவும் (ஐக்கிய அமெரிக்கா)

காட்டோர வீடுகளும் அரசின் வனச்செலவும் என்பது ஐக்கிய அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வரும் ஒரு பொதுக்கொள்கைச் சிக்கல் ஆகும். அங்கு அரசுக்குச் சொந்தமான காடுகளை ஒட்டித் தனியார் வீடுகள் பெருகியுள்ளன. காட்டுத்தீ மூளும்போது அவ்வீடுகளைக் காப்பதற்கும், தீ மூளாத காலத்தில் அவற்றைச் சுற்றியுள்ள காட்டைத் துப்புரவு செய்வதற்கும் ஆகும் செலவின் பெரும்பகுதி நடுவண் அரசு, மாநில அரசுகள் ஆகியவற்றின் வரிப்பணத்திலிருந்து வருகிறது. அவ்வீடுகளில் கணிசமானவை செல்வந்தர்களுடையவை. அவற்றுள் பல, ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே திறக்கப்படும் ஓய்வு வீடுகள். ஆகவே இச்செலவு பொதுநலப் பணியா, வசதி படைத்தோருக்கு மறைமுகமாகப் போய்ச் சேரும் மானியமா என்ற கேள்வி எழுகிறது.

கேள்வி எளிதாகத் தோன்றினாலும் விடை அவ்வளவு எளிதன்று. காட்டோரத்தில் வாழ்பவர்கள் அனைவரும் செல்வந்தர்கள் அல்லர். நகரில் வாடகை கொடுக்க இயலாமல் காட்டோரச் சிற்றூர்களுக்குப் போனவர்களும், ஓய்வூதியத்தில் வாழும் முதியோரும், பழங்குடி மக்களும் அங்கு உள்ளனர். ஒரே காட்டின் ஓரத்தில் வாழும் இவ்விரு பிரிவினருக்கும் அரசின் பணி ஒரே அளவில் கிடைக்கிறதா என்பதே இச்சிக்கலின் மையம் எனலாம்.

காட்டோர வலயம்

வீடுகளும் காட்டுத் தாவரங்களும் ஒன்றையொன்று தொடும் அல்லது ஒன்றுடன் ஒன்று கலந்துள்ள நிலப்பகுதி காட்டோர வலயம் எனப்படுகிறது. வோல்கர் இராடெலோப் முதலானோர் 2018 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி, 1990 இல் இவ்வலயத்தில் 3.08 கோடி வீடுகள் இருந்தன. 2010 இல் அவை 4.34 கோடியாக உயர்ந்தன. அதே இருபது ஆண்டுகளில் வலயத்தின் பரப்பளவு 5,81,000 சதுர கிலோமீட்டரிலிருந்து 7,70,000 சதுர கிலோமீட்டராக விரிந்தது. வீடுகளின் எண்ணிக்கையைக் கொண்டு பார்த்தால் இவ்வளர்ச்சி 41 விழுக்காடு ஆகும்.

காட்டோரத்தில் வீடு கட்டுவதற்கான காரணங்கள் பல. தூய காற்று, மலைக்காட்சி, பனிச்சறுக்கு, தனிமை ஆகியவை அவற்றுள் சில. நாட்டுக்காட்டின் எல்லையில் அமைந்த மனைக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. எல்லைக்கு அப்பால் உள்ள நிலம் அரசுடையது என்பதால், அங்கு வேறொருவர் வீடு கட்டிக் காட்சியை மறைக்க வாய்ப்பில்லை. கொலராடோவின் ஆசுப்பென், வயோமிங்கின் சாக்சன் பள்ளத்தாக்கு, ஐடகோவின் சன் வேலி, கலிபோர்னியாவின் பிக் சர், தாகோ ஏரிக்கரை போன்ற இடங்களில் மனை விலை உயர்ந்து நிற்பதற்குப் பொதுக்காடும் ஒரு காரணம்.

இக்கட்டுரையில் வனப்பணி என்பது இரு வகையான பணிகளைக் குறிக்கும். முதலாவது, மூண்ட தீயை அணைத்தல். இரண்டாவது, தீ மூளும் முன்னரே காட்டில் எரியக்கூடிய பொருள்களைக் குறைத்தல். காய்ந்த புல், சருகு, புதர், நெருக்கமாக வளர்ந்த இளமரம் ஆகியவற்றை வெட்டி அகற்றுவதும், குளிர்ந்த பருவத்தில் அளவான தீயை வேண்டுமென்றே வைத்து அவற்றை எரித்துவிடுவதும் இரண்டாவது வகையைச் சேரும். அகற்றப்படும் இளமரங்கள் பெரும்பாலும் சந்தையில் விலை போகாதவை. எனவே இப்பணி தன் செலவைத் தானே ஈட்டிக்கொள்வதில்லை.

வரலாறு

ஐக்கிய அமெரிக்க வனத்துறை 1905 ஆம் ஆண்டு, கிப்பர்டு பிஞ்சோவைத் தலைவராகக் கொண்டு நிறுவப்பட்டது. அது வேளாண்மைத் துறையின் ஓர் அங்கமாகும். ஏறத்தாழ 19.3 கோடி ஏக்கர் நிலம் அதன் பொறுப்பில் உள்ளது. தீயணைப்புச் செலவில் இன்றும் காணப்படும் ஒரு பழக்கத்துக்கான விதை மிகத் தொடக்கத்திலேயே ஊன்றப்பட்டது. 1908 இல் நிறைவேறிய ஒரு சட்டம், நெருக்கடிக் காலத்தில் ஒதுக்கீட்டைத் தாண்டியும் தீயணைப்புக்குச் செலவிட வனத்துறைக்கு இசைவு தந்தது. செலவழித்த பின்னர் நாடாளுமன்றம் கணக்கைத் தீர்க்கும். வேறு பல துறைகளுக்கு இல்லாத இந்த வசதி, தீயணைப்பில் செலவைப் பற்றிக் கவலைப்படாத ஒரு மனநிலையை வளர்த்தது.

1910 ஆம் ஆண்டு ஆகத்து மாதம் ஐடகோ, மொன்டானா, வாசிங்டன் மாநிலங்களில் ஏறத்தாழ 30 இலட்சம் ஏக்கர் காடு எரிந்தது. 80க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் தீயணைக்கச் சென்றவர்கள். அதன் பின்னர் எல்லாத் தீயையும் அணைத்தே தீர வேண்டும் என்பது துறையின் கொள்கையாயிற்று. 1935 இல் துறைத் தலைவர் பெர்டினாண்ட் சில்காக்சு, ஒரு தீ கண்டறியப்பட்டால் மறுநாள் காலை 10 மணிக்குள் அது கட்டுக்குள் வரவேண்டும் என விதித்தார். இவ்விதி 1970களின் இறுதியில் கைவிடப்பட்டது.

இக்கொள்கையின் விளைவு எதிர்பாராதது. மேற்கு மாநிலங்களின் பொண்டெரோசா பைன் காடுகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தரையோடு ஊர்ந்து செல்லும் சிறுதீக்குப் பழகியவை. பழங்குடி மக்களும் அத்தகைய தீயைத் திட்டமிட்டு வைத்து வந்தனர். அந்தத் தீ நிறுத்தப்பட்டதால் புதரும் இளமரமும் அடர்ந்தன. இன்று மூளும் தீ தரையில் ஊராமல் மரமுடிக்குத் தாவுகிறது. புவி வெப்பமாதலால் நீண்டுவிட்ட வறண்ட பருவமும் இதனுடன் சேர்ந்துகொண்டது. ஆகவே காட்டோர வீட்டுக்காரர்களை மட்டும் குறை கூறுவது முறையன்று. அவர்களின் வேலிக்கு அப்பால் உள்ள காட்டை இந்நிலைக்குக் கொண்டுவந்ததில் அரசுக்கும் பங்கு உண்டு.

செலவின் வளர்ச்சி

வனத்துறை 2015 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 1995 இல் அதன் ஆண்டு ஒதுக்கீட்டில் 16 விழுக்காடு தீ தொடர்பான பணிகளுக்குச் சென்றது. 2015 இல் அது 50 விழுக்காட்டைத் தாண்டியது. 1998 முதல் தீ சாராத பணியாளர்களின் எண்ணிக்கை 39 விழுக்காடு குறைந்தது என்றும் அவ்வறிக்கை கூறியது. ஒற்றையடிப் பாதைகளைச் செப்பனிடுவோர், நீர்ப்பிடிப்பு ஆய்வாளர், உயிரியலாளர் ஆகியோரின் இடங்கள் தீயணைப்போருக்குப் போயின. வனத்துறை ஒரு தீயணைப்புத் துறையாக மாறிவிட்டது என்று பலரும் கூறத் தொடங்கியது இக்காலத்தில்தான். 2017 இல் மட்டும் தீயணைப்புக்கு அது 240 கோடி டாலருக்கு மேல் செலவிட்டது.

ஒதுக்கீடு தீர்ந்துபோகும் ஆண்டுகளில் வனத்துறை தன் பிற கணக்குகளிலிருந்து பணத்தை எடுத்துத் தீயணைப்புக்குச் செலவிட்டது. அவ்வாறு எடுக்கப்பட்ட பணத்துள் காட்டைத் துப்புரவு செய்ய ஒதுக்கிய பணமும் இருந்தது. அதாவது, இவ்வாண்டுத் தீயை அணைக்க அடுத்த ஆண்டுத் தீயைத் தடுக்கும் பணி நிறுத்தப்பட்டது. 2009 இல் இதற்கெனத் தனி இருப்பு நிதி உருவாக்கும் சட்டம் இயற்றப்பட்டும் சிக்கல் தீரவில்லை. 2018 இல் நிறைவேறிய சட்டம் 2020 முதல் 2027 வரையான நிதியாண்டுகளுக்குக் கூடுதல் நிதிக்கு வழி செய்தது. அது முதல் ஆண்டு 225 கோடி டாலரில் தொடங்கி 2027 இல் 295 கோடி டாலராக உயரும் வகையில் அமைக்கப்பட்டது.

தனித்தனித் தீக்களின் செலவும் உயர்ந்துள்ளது. 2016 ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் பிக் சர் பகுதியில் அணைக்கப்படாமல் விடப்பட்ட ஒரு கூடாரத் தீயிலிருந்து தொடங்கிய சோபெரானசு தீ 1,32,000 ஏக்கரை எரித்தது. 57 வீடுகள் அழிந்தன. அதை அணைக்க ஏறத்தாழ 23.6 கோடி டாலர் செலவானது. ஒரு காட்டுத்தீயை அணைக்க அந்நாட்டில் அதுவரை செலவான தொகைகளுள் அதுவே மிகப் பெரியது. ஐந்தே ஆண்டுகளில், 2021 இல், டிக்சி தீ 63 கோடி டாலருக்கு மேல் விழுங்கி அதைப் பின்தள்ளியது.

யார் முடிவு செய்கிறார், யார் செலுத்துகிறார்

வேளாண்மைத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2006 நவம்பரில் வெளியிட்ட தணிக்கை அறிக்கை இவ்விவாதத்தில் ஒரு திருப்புமுனை ஆகும். பெருந்தீக்களை அணைக்க வனத்துறை செய்யும் செலவில் பெரும்பகுதி காட்டோர வலயத்தில் உள்ள தனியார் சொத்துக்களைக் காப்பதோடு நேரடித் தொடர்புடையது என்று அது கூறியது. அப்பங்கு 50 முதல் 95 விழுக்காடு வரை இருக்கும் எனத் துறை மேலாளர்கள் மதிப்பிட்டிருந்தனர். காட்டுக்குள் வீடு இல்லாவிட்டால் ஒரு தீயை ஆறு, பாறை, பழைய தீத்தடம் ஆகியவை வரை எரியவிட்டு ஓரிடத்தில் நிறுத்தலாம். வீடு இருந்தால் அதற்கு முன்னால் நிறுத்தியாக வேண்டும். அங்கே உலங்கு வானூர்திகளும், நீரும் தீத்தடுப்புப் பொருளும் சொரியும் வானூர்திகளும் தேவைப்படுகின்றன. செலவு ஏறுவது பெரும்பாலும் இவ்விடத்தில்தான்.

வீடு எங்கே கட்டலாம் என்பதை நடுவண் அரசு முடிவு செய்வதில்லை. நிலப் பயன்பாட்டு விதிகளை வகுப்பவை கவுண்டிகளும் நகராட்சிகளும் ஆகும். புதிய வீடுகளால் சொத்து வரி வருவாய் பெறுவனவும் அவையே. தீ மூண்டால் முதன்மைச் செலவை வனத்துறையோ மாநில அரசோ ஏற்கிறது. மாநிலமும் உள்ளூராட்சியும் செய்யும் தகுதியுள்ள செலவில் 75 விழுக்காட்டை நடுவண் பேரிடர் மேலாண்மை முகமை திருப்பித் தருகிறது. இசைவு தருபவர் ஒருவராகவும் கட்டணம் செலுத்துபவர் வேறொருவராகவும் இருக்கும் இந்த அமைப்பில், மறுப்புச் சொல்ல எவருக்கும் ஊக்கம் இல்லை. வெள்ளப் பேரிடரில் நிலை சற்று வேறானது. 1968 இல் தொடங்கிய தேசிய வெள்ளக் காப்புறுதித் திட்டத்தில் சேர வேண்டுமானால், வெள்ளச் சமவெளியில் கட்டடங்களைக் கட்டுப்படுத்தும் விதிகளை ஓர் ஊர் ஏற்றுக்கொண்டாக வேண்டும். காட்டுத்தீக்கு இத்தகைய நடுவண் நிபந்தனை ஏதும் ஏற்படவில்லை.

இச்செலவின் மானியத் தன்மையைப் பொருளியலாளர் பாட்ரிக் பேலிசு, சட்சன் பூம்கோவர் ஆகியோர் அளந்தனர். அவர்களின் ஆய்வு முதலில் 2019 இல் வெளிவந்தது. தீயபாயம் மிகுந்து, வீடுகள் சிதறலாக உள்ள இடங்களில் ஒரு வீட்டுக்காக எதிர்காலத்தில் ஆகக்கூடிய தீயணைப்புச் செலவின் இன்றைய மதிப்பு, அவ்வீட்டின் விலையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடும் என்று அவர்கள் கண்டனர். இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. ஒரு பள்ளத்தாக்கில் முதலில் எழும் சில வீடுகளே செலவைப் பெரிதும் உயர்த்துகின்றன. அதன் பின்னர் அங்கு நூறு வீடுகள் வந்தாலும் செலவு அதே விகிதத்தில் உயர்வதில்லை. எனவே பல ஏக்கர் தோட்டத்தின் நடுவே தனித்து நிற்கும் மாளிகை, நெருக்கமான ஒரு தெருவில் உள்ள வீட்டைக் காட்டிலும் பொதுப்பணத்துக்குப் பெருஞ்சுமை ஆகிறது.

செல்வமும் பங்கீடும்

சாரா ஆண்டர்சன், ஆண்ட்ரூ பிளாண்டிங்கா, மாத்யூ விபென்மேயர் ஆகியோர் தீத்தடுப்புப் பணிகள் நடைபெறும் இடங்களை ஆராய்ந்தனர். ஓர் ஊருக்கு அருகில் பெரிய காட்டுத்தீ ஏற்பட்டு மக்கள் அச்சமுற்ற பின்னர், அவ்வூரைச் சுற்றியுள்ள பொதுக்காட்டில் துப்புரவுப் பணி கூடுகிறதா என்பது அவர்களின் கேள்வி. கூடுகிறது, ஆனால் வருவாயும் கல்வியும் மிகுந்த, வெள்ளையர் பெரும்பான்மையாக வாழும் ஊர்களைச் சுற்றியே கூடுகிறது என்பது அவர்கள் கண்ட விடை. தீயின் அபாயம் ஏழை ஊருக்கும் செல்வந்த ஊருக்கும் பொதுவானது. கூட்டங்களுக்குச் செல்வது, மனு எழுதுவது, நாடாளுமன்ற உறுப்பினரை அணுகுவது, நிதியுதவி விண்ணப்பத்தை நிரப்ப ஆள் அமர்த்துவது ஆகியவை அப்படிப் பொதுவானவை அல்ல.

தீ எரிந்துகொண்டிருக்கும்போதும் இவ்வேறுபாடு தென்படுகிறது. பிளாண்டிங்கா, இராண்டி வால்சு, விபென்மேயர் ஆகியோர் 2022 இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, மேற்கு மாநிலத் தீக்கள் எங்கே நின்றன என்பதைப் பார்த்தது. வீடுகளை நெருங்கும்போது தீ நிற்கும் வாய்ப்பு கூடுகிறது. விலை மிக்க வீடுகளை நெருங்கும்போது மேலும் கூடுகிறது. இதனைத் தீயணைப்போரின் ஒருசார்பு என்று உடனே கொள்ளல் ஆகாது. எரிந்தால் இழப்பு மிகுதியாகும் இடத்தில் மிகுதியான முயற்சி என்பது தீயணைப்பு மேலாண்மையின் இயல்பான கணக்கு. ஆனால் சொத்தின் விலையை அளவுகோலாகக் கொண்டால், பத்து இலட்சம் டாலர் மாளிகை ஒன்று பத்துக் குடும்பங்களின் நடமாடும் வீடுகளுக்கு ஈடாகிவிடும். அந்தப் பத்துக் குடும்பங்களிடம் வேறு சொத்து இல்லை என்பது கணக்கில் ஏறுவதில்லை.

மறுபக்கச் சான்றும் உண்டு. 2018 இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கடுந்தீ அபாயம் உள்ள இடங்களில் 2.9 கோடி அமெரிக்கர் வாழ்வதாகவும், அவர்களுள் பெரும்பான்மையோர் வெள்ளையர், வசதி படைத்தோர் என்றும் கணித்தது. அதே ஆய்வு, அவர்களுள் 1.2 கோடிப் பேர் தீயினால் பாதிக்கப்பட்டால் எளிதில் மீள முடியாத நிலையில் இருப்பதையும் சுட்டியது. கறுப்பினத்தவர், இசுப்பானிய வம்சாவளியினர், பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழும் பகுதிகள் ஏறத்தாழ 50 விழுக்காடு கூடுதல் பாதிப்புக்கு உள்ளாகக் கூடியவை என்றும் கூறியது.

வேறொரு கோணத்தில் இதே சிக்கலை எழுப்பியவர் வரலாற்றாசிரியர் மைக் டேவிசு. 1998 இல் வெளிவந்த தம் நூலில், மாலிபு கடற்கரை மலைகளின் மாளிகைகளையும் லாஸ் ஏஞ்சலசு நகரின் நெரிசலான வாடகைக் குடியிருப்புகளையும் அவர் ஒப்பிட்டார். முன்னவை எரிந்தால் பெரும்படை திரள்வதையும், பின்னவற்றில் தீவிபத்து விதிகளைக்கூட எவரும் நடைமுறைப்படுத்தாததையும் எடுத்துக்காட்டினார். அவருடைய வாதம் கடும் எதிர்ப்பைப் பெற்றது. எனினும் மாலிபு எரியும்போதெல்லாம் அந்த அத்தியாயம் மீண்டும் படிக்கப்படுகிறது.

கால்டோர் தீ: ஒரே கவுண்டியில் இரண்டு ஊர்கள்

2021 ஆகத்து 14 அன்று கலிபோர்னியாவின் எல் டொராடோ கவுண்டியில் கால்டோர் தீ மூண்டது. மூன்றாம் இரவில் அது கிரிசிலி பிளாட்சு என்னும் சிற்றூரை அடைந்தது. ஓய்வு பெற்றோரும் நடுத்தர, குறைந்த வருவாய் உள்ளோரும் வாழ்ந்த, ஆயிரத்துச் சொச்சம் மக்கள்தொகை கொண்ட அவ்வூரில் 400க்கும் மேற்பட்ட வீடுகள் சாம்பலாயின. அஞ்சலகமும் பள்ளியும் எரிந்தன.

அவ்வூரைச் சூழ்ந்துள்ள எல் டொராடோ நாட்டுக்காட்டில் எரிபொருளைக் குறைப்பதற்கு வனத்துறையிடம் ஒரு திட்டம் இருந்தது. டிரெசில் திட்டம் என்பது அதன் பெயர். அவ்வூருக்குத் தீயபாயம் உண்டு என்பதை அறிந்தே அது வகுக்கப்பட்டது. திட்டமிடல், மறுஆய்வு, ஆட்பற்றாக்குறை, எரிப்பதற்கு ஏற்ற நாள்கள் குறைவு எனக் காலம் கடந்தது. தீ வந்தபோது திட்டத்தில் ஏறத்தாழ 14 விழுக்காடு மட்டுமே முடிந்திருந்தது.

தீ கிழக்கு நோக்கி நகர்ந்து சியேரா மலைமுகட்டைத் தாண்டியது. ஆகத்து 30 அன்று தாகோ ஏரியின் தென்கரையில் உள்ள சவுத் லேக் தாகோ நகரின் மக்கள் வெளியேற்றப்பட்டனர். அவர்கள் ஏறத்தாழ 22,000 பேர். ஏரியைச் சூழ்ந்த வடிநிலத்தில் பல ஆண்டுகளாகப் பணம் இறைக்கப்பட்டிருந்தது. தாகோ ஏரியை மீட்பதற்கு 2000 ஆம் ஆண்டுச் சட்டம் 30 கோடி டாலருக்கு இசைவு அளித்தது; பின்னர் லாஸ் வேகாசைச் சுற்றியுள்ள பொதுநிலங்களை விற்ற வருவாய் இதற்குத் திருப்பப்பட்டது. 2007 இல் அங்கோரா தீ அங்கு 254 வீடுகளை எரித்த பின்னர் மரங்களைக் கலைக்கும் பணி விரைவுபடுத்தப்பட்டது. கால்டோர் தீ அங்கு வந்தபோது, ஏற்கெனவே கலைக்கப்பட்ட காட்டில் அதன் சுடர் தாழ்ந்தது. ஆயிரக்கணக்கான தீயணைப்போரும் அங்குக் குவிக்கப்பட்டனர். நகருக்குள் வீடு ஒன்றும் எரியவில்லை.

இரண்டையும் நேருக்கு நேர் வைப்பதில் எச்சரிக்கை தேவை. முதல் நாள்களில் காற்று பலமாக இருந்தது. அவ்வேளையில் நாட்டின் தீயணைப்போரில் பலர் வடக்கே டிக்சி தீயில் இருந்தனர். சவுத் லேக் தாகோவிலும் சூதாட்ட விடுதிகளிலும் உணவகங்களிலும் உழைக்கும் எளியோர் நிறைய உள்ளனர். ஆயினும் பணி முடிந்திருந்த காடு எது, முடியாதிருந்த காடு எது என்பதில் ஐயமில்லை. தீயின் பின்னர், கிரிசிலி பிளாட்சு மக்கள் எதிர்பார்த்திருந்த நடுவண் அரசின் தனிநபர் பேரிடர் உதவியும் மறுக்கப்பட்டது.

தீயணைப்போர்

செலவு என்பது பணம் மட்டும் அன்று. 2006 அக்டோபர் 26 அன்று தென் கலிபோர்னியாவின் இரிவர்சைடு கவுண்டியில் எசுபெரான்சா தீயின்போது, மலைமுகட்டில் இருந்த ஒரு வீட்டைக் காக்க நின்ற வனத்துறையின் ஒரு தீயணைப்பு வண்டிக் குழுவினர் ஐவரும் தீயில் சிக்கி இறந்தனர். அந்த வீட்டில் அப்போது எவரும் இல்லை. ஆளில்லாத வீட்டுக்காக உயிரைப் பணயம் வைக்கலாமா என்ற கேள்வி அதன் பின்னர் துறைக்குள் வெளிப்படையாகப் பேசப்பட்டது. காப்பாற்ற இயலாத வீட்டை விட்டு விலகலாம் என்று விதிகள் கூறுகின்றன. வீட்டு உரிமையாளரும் தொலைக்காட்சிப் படப்பிடிப்பாளரும் பார்த்திருக்க, களத்தில் அந்த முடிவை எடுப்பது கடினம்.

கலிபோர்னியாவில் இப்பணியில் சிறைக்கைதிகளும் ஈடுபடுத்தப்படுகின்றனர். 2024 இல் அவர்களின் நாட்கூலி 5.80 முதல் 10.24 டாலர் வரை இருந்தது; தீக்களத்தில் மணிக்கு ஒரு டாலர் கூடுதலாக வழங்கப்பட்டது. அதே மலைகளில், செல்வந்தர்களின் காப்புறுதி நிறுவனங்கள் அனுப்பும் தனியார் தீயணைப்புக் குழுக்களும் இயங்குகின்றன. அவை 2000களின் நடுவில் தொடங்கிப் பரவின. பொதுப்படையினரோடு முரண்படாதவாறு அவற்றை ஒழுங்குபடுத்தும் சட்டத்தை அம்மாநிலம் 2018 இல் இயற்றியது.

எது வீட்டைக் காக்கிறது

காட்டைத் துப்புரவு செய்தால் வீடு தப்பும் என்பது பொதுவான நம்பிக்கை. மொன்டானாவின் மிசூலாவில் உள்ள வனத்துறை ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய சாக் கோகன் இதை ஐயுற்றார். கனடாவின் வடமேற்கு நிலப்பகுதிகளில் நடந்த மரமுடித் தீச் சோதனைகளில் மரச்சுவர்களை வெவ்வேறு தொலைவில் நிறுத்தி ஆராய்ந்தார். வீடு தீப்பற்றுவதைத் தீர்மானிப்பது, அதன் கூரை, சுவர் ஆகியவற்றின் தன்மையும் அதைச் சுற்றி 30 முதல் 60 மீட்டருக்குள் உள்ள பொருள்களுமே என்பது அவருடைய முடிவு. பெரும்பாலான வீடுகள் சுடர் அலையால் எரிவதில்லை. காற்றில் பறந்து வரும் கனல் துண்டுகள் கூரையின் ஓடுகளுக்கு அடியிலும், சருகு நிறைந்த கூரைவாரியிலும், மரத் திண்ணைக்குக் கீழும் விழுந்து மெல்லப் பற்றுகின்றன. எரியும் வீடு அடுத்த வீட்டைப் பற்றவைக்கிறது.

இதன் பொருள், வீட்டைக் காக்கும் முதன்மையான பணி தனியார் நிலத்தில், தனியார் செலவில் நடக்க வேண்டியது என்பதாகும். 2003 ஆம் ஆண்டுச் சட்டம், அதன் கீழ் வரும் எரிபொருள் குறைப்பு நிதியில் குறைந்தது பாதியைக் காட்டோர வலயத்தில் செலவிடுமாறு விதித்தது. ஆனால் 2004 முதல் 2008 வரை மேற்கு மாநிலங்களில் நடந்த ஏறத்தாழ 44,000 பணிகளை ஆராய்ந்த தானியா சோனாகல் குழுவினர், பணி நடந்த பரப்பில் 3 விழுக்காடு மட்டுமே வலயத்துக்குள்ளும், மேலும் 8 விழுக்காடு அதைச் சுற்றிய 2.5 கிலோமீட்டருக்குள்ளும் இருந்ததாகக் கண்டனர். அந்நிலத்தில் பெரும்பகுதி தனியாருடையது. நடுவண் அரசு அங்கே நேரடியாக வேலை செய்ய முடியாது.

கலிபோர்னியாச் சட்டம் அபாயப் பகுதிகளில் வீட்டைச் சுற்றி 100 அடிக்குப் பாதுகாப்பு இடைவெளி வைக்கக் கோருகிறது. 2008 முதல் புதிய வீடுகளுக்குத் தீத்தாங்கும் கட்டட விதிகளும் உள்ளன. 2018 நவம்பரில் கேம்ப் தீ பாரடைசு நகரை அழித்தபோது 85 பேர் இறந்தனர். அங்கு 1997க்கு முன்னர் கட்டிய தனிவீடுகளில் 11.5 விழுக்காடும், அதன் பின்னர் கட்டியவற்றில் 38.5 விழுக்காடும் தப்பின. பாரடைசு ஒரு செல்வந்த ஊர் அன்று. பழைய வீட்டின் கூரையை மாற்ற அங்கிருந்த பலரிடம் பணம் இல்லை. ஏழைகளுக்குப் பொதுப்பணம் மிகவும் தேவைப்படும் இடம் காட்டைக் காட்டிலும் கூரையே என்று வாதிடுவோர் உள்ளனர். சான்றுகள் பெரிதும் அவர்கள் பக்கமே உள்ளன.

2021 ஆம் ஆண்டு உட்கட்டமைப்புச் சட்டம் இத்திசையில் ஓரடி வைத்தது. ஊர்கள் தம்மைக் காத்துக்கொள்ள ஐந்தாண்டுகளுக்கு 100 கோடி டாலர் ஒதுக்கிய அச்சட்டம், வசதி குறைந்த ஊர்களுக்கு உள்ளூர்ப் பங்குத் தொகையைத் தள்ளுபடி செய்யவும் இடமளித்தது. 2022 இல் வனத்துறை பத்தாண்டுத் திட்டம் ஒன்றை அறிவித்து, நாட்டுக்காடுகளில் கூடுதலாக 2 கோடி ஏக்கர் வரை பணி செய்ய இலக்கு வைத்தது. அதே ஆண்டு இன்னொரு சட்டம் காட்டோர வலயத்தை ஒட்டிய நாட்டுக்காடுகளில் எரிபொருள் குறைப்புக்கு 180 கோடி டாலர் ஒதுக்கியது.

செலவை மீட்கும் முயற்சிகள்

பயன்பெறுவோரே செலவின் ஒரு பகுதியை ஏற்க வேண்டும் என்ற கருத்தைச் செயற்படுத்தியது கலிபோர்னியா. மாநிலத் தீயணைப்புப் பொறுப்பில் உள்ள ஏறத்தாழ 3.1 கோடி ஏக்கர் நிலத்தில் உள்ள குடியிருப்புக் கட்டடம் ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 150 டாலர் கட்டணம் 2011 இல் விதிக்கப்பட்டது. மாளிகைக்கும் குடிலுக்கும் ஒரே தொகை என்பது அதன் குறை. இது கட்டணம் அன்று, முறைப்படி நிறைவேற்றாத வரி என்று கூறி வரி செலுத்துவோர் சங்கம் ஒன்று வழக்குத் தொடுத்தது. ஊர்ப்புற உறுப்பினர்களின் எதிர்ப்பும் தொடர்ந்தது. 2017 இல், கரிம உமிழ்வு வணிகத் திட்டத்தை நீட்டிக்க வாக்குத் திரட்டியபோது இக்கட்டணம் நிறுத்தப்பட்டது.

ஒரிகன் மாநிலம் வேறு வழியில் சென்றது. 2021 இல் இயற்றிய சட்டத்தின்படி, மாநிலத்தின் ஒவ்வொரு மனையின் தீயபாயத்தையும் காட்டும் வரைபடம் 2022 இல் வெளியிடப்பட்டது. காப்புறுதிக் கட்டணம் உயரும், மனை விலை விழும் என்று உரிமையாளர்கள் கொதித்தெழுந்தனர். வரைபடம் சில வாரங்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. திருத்திய வரைபடமும் எதிர்ப்பைச் சந்தித்தது. 2025 இல் சட்டமன்றம் அதனை அறவே நீக்கியது.

அரசு செய்யத் தயங்கியதைச் சந்தை செய்யத் தொடங்கியுள்ளது. 2023 மே மாதம் கலிபோர்னியாவின் மிகப் பெரிய வீட்டுக் காப்புறுதி நிறுவனம் அங்குப் புதிய வீடுகளை ஏற்பதை நிறுத்தியது. வேறு எங்கும் காப்புறுதி கிடைக்காதோருக்காக 1968 இல் ஏற்பட்ட பொதுத் திட்டத்தில் சேருவோர் பெருகினர். 2025 சனவரி 7 அன்று மூண்ட பாலிசேட்சு தீயும் ஈட்டன் தீயும் லாஸ் ஏஞ்சலசு பகுதியில் 16,000க்கும் மேற்பட்ட கட்டடங்களை அழித்தன. முன்னது நாட்டின் மிக விலையுயர்ந்த குடியிருப்புகளுள் ஒன்றான பசிபிக் பாலிசேட்சில் பரவியது. பின்னது, வேறிடங்களில் வீடு வாங்க மறுக்கப்பட்ட கறுப்பினக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வீடு வாங்கி வாழ்ந்த அல்டடீனாவை எரித்தது. அங்கு மீண்டும் கட்டக் காப்புறுதிப் பணம் போதாத உரிமையாளர்கள் பலர் தம் மனைகளை விற்பனைக்கு வைத்தனர்.